வைக்காத ஒரு அடி

முகமது அலியைப் பத்தி ஒரு பதிவு எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. அவரோட பாக்ஸிங் நுணுக்கத்தை அதுல ஊறினவங்க எழுதட்டும். இந்தப் பதிவு அவர் குத்தின குத்தைப் பத்தினது இல்லை, குத்தாம இருந்த 43 மாசத்தைப் பத்தினது.

கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வியட்நாம் போருக்கு வரமாட்டேன்னு சொன்னார், பட்டத்தைப் பிடுங்கினாங்க, கடைசியில கோர்ட் விடுதலை செஞ்சது, திரும்ப வந்து ஜெயிச்சார். நம்ம ஊரு சினிமா மாதிரியே இருக்கும். இடைவேளைக்கு முன்னாடி அடி வாங்கணும், கிளைமாக்ஸ்ல திருப்பிக் கொடுக்கணும். சிக்கல் என்னன்னா, முடிவு தெரிஞ்சுக்கிட்டு இதைப் படிக்கிற நமக்கு எல்லாமே சுலபமா தெரியுது. 1967ல அந்த மனுஷனுக்கு முடிவு தெரியாது. அதை மனசுல வெச்சுக்கிட்டு கொஞ்சம் நிதானமா போவோம்.

*

1942 ஜனவரி 17, கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரம். பெற்றோர் வைத்த பெயர் காசியஸ் கிளே. அப்பா விளம்பர போர்டு எழுதுகிற பெயின்டர். கறுப்பர்களுக்கு ஒரு ஸ்கூல், வெள்ளையர்களுக்கு ஒரு ஸ்கூல்னு பிரிச்சு வைத்திருந்த ஊர். 12 வயசுல சைக்கிள் திருடு போய், திருடனை அடிக்கணும்னு ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரரிடம் அழுதபோது, முதல்ல சண்டை போடக் கத்துக்கோன்னு அவர் ஜிம்முக்குக் கூட்டிப் போனார். இந்த சைக்கிள் கதையை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க.

அடுத்த வருஷம், 1955ல நடந்ததுதான் முக்கியம். மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயசுக் கறுப்பினப் பையனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். அந்தப் பையனோட அம்மா சவப்பெட்டியை மூட விடவில்லை. என் பிள்ளையை என்ன செஞ்சிருக்காங்கன்னு ஊரே பார்க்கட்டும்னு சொல்லிட்டார். சிதைந்த அந்த முகத்தின் போட்டோ கறுப்பர்களின் பத்திரிகைகளில் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் ஜூரி விடுதலை செய்தது. கிளேவுக்கு அப்போ 13 வயசு. அந்தப் படம் தன் மனசை விட்டுப் போகவே இல்லைன்னு பின்னாளில் சொன்னார்.

1960ல ரோம் ஒலிம்பிக்ஸில் தங்கம். வயசு 18. பதக்கத்தோட ஊர் திரும்பினாலும், லூயிவில் நகரின் நல்ல ஹோட்டல்களில் கறுப்பர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நாட்டுக்காகத் தங்கம் வாங்கலாம், ஊருக்குள்ள காசு கொடுத்து ஒரு சாண்ட்விச் வாங்க முடியாது.

1964 பிப்ரவரி 25 அன்று மயாமியில் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஆன கையோட, நான் நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தைச் சேர்ந்தவன்னு அறிவித்தார். அதன் தலைவர் எலைஜா முகமது அவருக்கு முகமது அலின்னு பெயர் வைத்தார். இந்த எலைஜா முகமதே இரண்டாம் உலகப் போரின்போது டிராஃப்ட் வழக்கில் ஜெயிலுக்குப் போனவர். அதனால, போருக்குப் போகாம இருக்கிறது அலி 1967ல திடீர்னு கண்டுபிடிச்ச விஷயம் கிடையாது. அந்த இயக்கத்துக்கு அது பழைய கொள்கை.

பத்திரிகைகள் பல வருஷம் அவரை கிளேன்னுதான் எழுதின. பெயரைக்கூட ஒத்துக்க மாட்டேன்னு ஒரு அடம்.

*

சரி, மேட்டருக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. டிராஃப்ட்னு சொல்வாங்க. 18 வயசானா பதிவு செய்யணும். உள்ளூர் டிராஃப்ட் போர்டு உங்களுக்கு ஒரு வகைப்பாடு கொடுக்கும். 1-ஏ என்றால் எப்போ வேணா கூப்பிடலாம். காலேஜ்ல படிச்சா 2-எஸ், படிப்பு முடியிற வரைக்கும் தள்ளிப் போடலாம். நம்ம மாதிரி நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கப் போனவன் அங்கே தப்பிச்சிருப்பான். படிக்க வசதி இல்லாதவன் மாட்டுவான். அந்தக் காலத்து அமெரிக்காவில் படிக்க வசதி இல்லாதவங்களில் கறுப்பர்கள் எத்தனை பேர்னு சொல்ல வேண்டியதில்லை.

யாரை அனுப்பணும்னு முடிவு செய்கிற அந்த டிராஃப்ட் போர்டுகளில், 1966ல நாடு முழுக்க எண்ணிப் பார்த்தா, கறுப்பின உறுப்பினர்கள் வெறும் 1.3 சதவீதம். மிசிசிப்பி, அலபாமா மாதிரி மாநிலங்களில் ஒருத்தர்கூட இல்லை. மக்கள்தொகையில் கறுப்பர்கள் சுமார் 11 சதவீதம். ஆனா போரின் ஆரம்ப வருஷங்களான 1965, 66ல செத்தவர்களில் அவர்கள் பங்கு 20 சதவீதத்தைத் தொட்டது. பெரிய சத்தம் எழுந்த பிறகுதான் அது குறைந்தது. போர் முடிந்தபோது மொத்தக் கணக்கு 12.5 சதவீதம் பக்கத்தில் நின்றது.

அலியோட கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1964ல ராணுவம் அவருக்கு ஒரு ஆப்டிடியூட் டெஸ்ட் வைத்தது. நம்ம கேம்பஸ் இன்டர்வியூவில் வைக்கிற மாதிரிதான். கணக்கு வந்தாலே அவருக்கு உதறல். பாஸாக 30 பர்சென்டைல் வேணும், இவர் எடுத்தது 16. வேணும்னே ஃபெயிலானாரான்னு சந்தேகப்பட்டு மறுபடியும் டெஸ்ட் வைத்தாங்க. அதிலும் தேறவில்லை. தகுதியில்லைன்னு ஒதுக்கிட்டாங்க. நான் மகா பெரியவன்னுதான் சொன்னேன், மகா புத்திசாலின்னு சொல்லலையேன்னு நிருபர்களிடம் சிரித்து மழுப்பினார் நம்ம ஆளு. உள்ளுக்குள் அவமானம்தான்.

1966ல போர் முற்றி ஆள் பற்றாக்குறை. ராணுவம் என்ன செய்தது? பாஸ் மார்க்கைக் குறைத்தது. 30லிருந்து 15க்கு. 16 எடுத்த அலி ஒரே ராத்திரியில் தகுதியுள்ளவர் ஆகிட்டார்.

1966 பிப்ரவரி 17. மயாமியில் வீட்டு வாசலில் இருந்தவருக்கு 1-ஏ ஆகிட்டீங்கன்னு செய்தி வருது. நாள் முழுக்க நிருபர்கள் போன் மேல போன். வியட்நாம் எங்கே இருக்குன்னு தெரியுமா, வியட்காங் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு துளைத்தெடுக்கிறாங்க. ஒரு கட்டத்துல அந்த வியட்காங் ஆளுங்களோட எனக்கு எந்தச் சண்டையும் இல்லையேன்னு சொல்லிட்டார். அன்றைக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். எழுதி வைத்துப் பேசின வசனம் இல்லை.

மறுநாள் நாடே பற்றிக்கொண்டது. கென்டக்கி மாநில செனட் கண்டனத் தீர்மானம் போட்டது. சிகாகோவில் நடக்க இருந்த போட்டி ரத்து. வேற ஊர்களும் கைவிரிக்க, கடைசியில கனடாவில் டொரோன்டோ போய் ஜார்ஜ் சுவாலோவோட சண்டை போட வேண்டியதாச்சு. போரை எதிர்ப்பது 1966ல பிரபலமான விஷயம் இல்லை. பெரும்பாலான அமெரிக்கர்கள் அப்போ போரை ஆதரித்தாங்க. மார்ட்டின் லூதர் கிங்கே நியூயார்க் ரிவர்சைட் சர்ச்சில் போருக்கு எதிரா முழுசா பேசினது 1967 ஏப்ரல் 4ல தான்.

*

அவருக்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. மனசாட்சிப்படி போரை மறுக்கிறேன்னு விண்ணப்பம் கொடுக்கலாம். அதுக்கு மூணு நிபந்தனை. ஒண்ணு, எல்லாப் போரையும் எதிர்க்கணும், இந்தப் போர் மட்டும் பிடிக்கலைன்னு சொன்னா செல்லாது. ரெண்டு, அது மத நம்பிக்கையிலிருந்து வரணும். மூணு, உண்மையான நம்பிக்கையா இருக்கணும், நடிப்பா இருக்கக்கூடாது.

அலி விண்ணப்பித்தார். 1966 ஆகஸ்டில் விசாரித்தவர் லாரன்ஸ் கிராமன், கென்டக்கியின் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார நீதிபதி. எல்லாரும் எதிர்பார்த்தது நிராகரிப்பு. அவரோ, இந்த ஆள் உண்மையாத்தான் சொல்றார், விதிவிலக்கு கொடுக்கலாம்னு பரிந்துரை செய்தார். அரசாங்கத்தின் நீதித்துறை அதைத் தூக்கி ஓரமா வைத்துவிட்டு, மூணு நிபந்தனையிலும் இவர் தேறலைன்னு அப்பீல் போர்டுக்கு எழுதியது. அப்பீல் போர்டு காரணமே சொல்லாமல் நிராகரித்தது. இந்தக் 'காரணமே சொல்லாமல்' என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

இப்போ இன்னொரு வழி. இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம். அலி ராணுவத்தில் சேர்ந்திருந்தா துப்பாக்கியோட காட்டுக்குள் அனுப்பியிருக்கவே மாட்டாங்க. உலக சாம்பியனைச் சாகக் கொடுக்க எந்த அரசாங்கத்துக்கும் பைத்தியமா? யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு, ராணுவ முகாம்களில் காட்சிப் போட்டி நடத்தி, சிப்பாய்களோட போட்டோ எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம். பட்டம் போகாது, பணம் போகாது, வீட்டுக்குக் கல்லு வராது.

இதுக்கு முன்னுதாரணமும் இருந்தது. ஜோ லூயிஸ், அலிக்கு முன்னாடி கறுப்பர்களின் பெரிய ஹீரோ. 1942 ஜனவரியில் ஒரு போட்டியின் சம்பளத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்துட்டு, மறுநாளே ராணுவத்தில் சேர்ந்தார். மார்ச்சில் இன்னொரு போட்டியின் பணத்தை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தார். கிட்டத்தட்ட 100 காட்சிப் போட்டிகள், 20 லட்சம் சிப்பாய்கள் முன்னால். அவர் சேர்ந்த ராணுவமோ கறுப்பர்களைத் தனியா பிரித்து வைத்திருந்த ராணுவம். ட்ரூமன் 1948ல உத்தரவு போட்ட பிறகுதான் அந்தப் பிரிவினை முடிவுக்கு வர ஆரம்பித்தது.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன? மெடல் கிடைத்தது. கூடவே வரி நோட்டீசும் வந்தது. நன்கொடையா கொடுத்தாலும் அது உன் வருமானம்தான், வரியைக் கட்டுன்னாங்க. கூட இருந்தவங்க கணக்கைச் சரியா பார்க்காததும் சேர்ந்து, வட்டி அபராதம் எல்லாம் ஏறி, 1950களில் கடன் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ரிட்டயர் ஆனவர் கடனுக்காக மறுபடி ரிங்குக்குள் வந்து அடி வாங்கினார். மல்யுத்தம் கூட செய்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ் கேசினோ வாசலில் வர்றவங்களுக்குக் கை கொடுத்து வரவேற்கிற வேலை.

ஜோ லூயிஸ் ஏமாளின்னு நான் சொல்ல வரலை. ஹிட்லருக்கு எதிரான போர் அது, அவர் மனசார நம்பித்தான் போனார். சொல்ல வந்தது, நாட்டுக்குச் சேவை செஞ்சா நாடு கறுப்பனை மதிக்கும் என்கிற கணக்கு ஒரு தலைமுறைக்கு முன்னாடியே போட்டுப் பார்க்கப்பட்டு, விடையும் வந்துவிட்டது என்பதைத்தான். 1967ல அந்த ஜோ லூயிஸே அலியைக் கண்டித்தார் என்பது இன்னும் வலிக்கிற விஷயம்.

*

1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். ராணுவத்தில் சேர்க்கிற சடங்கு ரொம்ப எளிமையானது. பெயரைக் கூப்பிடுவாங்க, ஒரு அடி முன்னால் வைக்கணும். வைத்தா நீங்க சிப்பாய். அவ்வளவுதான்.

காசியஸ் கிளேன்னு கூப்பிட்டாங்க. அலி நகரவில்லை. ஒரு அதிகாரி தனியா அழைத்துப் போய் 5 வருஷம் ஜெயில், 10,000 டாலர் அபராதம் வரும், தெரியுமில்லன்னு விளக்கினார். மறுபடி கூப்பிட்டாங்க. மறுபடியும் நின்ற இடத்திலேயே நின்றார். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுக் கொடுத்தார். சத்தம் இல்லை, கவிதை இல்லை, நெஞ்சைத் தட்டல் இல்லை. எப்போதும் வாய் ஓயாத மனுஷன் வாழ்க்கையின் பெரிய சண்டையைப் பேசாமல் போட்டார்.

அன்றைக்கே நியூயார்க் மாநில பாக்ஸிங் கமிஷன் லைசென்ஸைப் பறித்து, பட்டத்தையும் பிடுங்கியது. இன்னும் குற்றப்பத்திரிகை கூட போடவில்லை, கவனிங்க. மத்த மாநிலங்களும் வரிசையா பின்தொடர்ந்தன. ஜூன் 4 அன்று கிளீவ்லண்டில் ஜிம் பிரவுன், பில் ரஸல், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆன லூ ஆல்சிண்டர் மாதிரி கறுப்பின விளையாட்டு வீரர்கள் அலியை உட்கார வைத்துப் பல மணி நேரம் கேள்வி கேட்டாங்க. அவங்களில் சிலர் ராணுவத்தில் இருந்தவங்க. சமரசம் பேசலாம்னு வந்தவங்களும் உண்டு. கேட்டு முடித்து, இவர் உண்மையாத்தான் இருக்கார்னு பக்கத்தில் நின்று பேட்டி கொடுத்தாங்க.

ஜூன் 20 அன்று தீர்ப்பு. முழுக்க வெள்ளையர்கள் கொண்ட ஜூரிக்கு முடிவெடுக்க சுமார் 20 நிமிஷம் தேவைப்பட்டது. ஜட்ஜ் ஜோ இங்ரஹாம் அதிகபட்ச தண்டனையே கொடுத்தார். 5 வருஷம், 10,000 டாலர். பாஸ்போர்ட்டும் பறிமுதல். அப்பீல் நடக்கிற வரைக்கும் ஜாமீனில் வெளியே இருக்கலாம். அதனால இந்த வழக்கில் அவர் ஒரு நாள்கூட ஜெயிலில் இருக்கவில்லை. ஆனா உள்நாட்டில் லைசென்ஸ் இல்லை, வெளிநாட்டுக்குப் போகவும் முடியாது.

ஒரு விஷயம் நினைச்சுப் பாருங்க. 29 போட்டி, 29 வெற்றி. வயசு 25. திரும்ப வந்தபோது 28. எனக்கும் இப்போ அந்த வயசுதான். இந்த வயசுல நமக்கு ஒரு அப்ரைசல் சரியா வரலைன்னாலே ரெண்டு வாரம் தூக்கம் போயிடுது. பொட்டி தட்டுற தொழிலாவது 40 வயசு வரைக்கும் வண்டி ஓடும். பாக்ஸருக்கு 25லிருந்து 28 தான் உச்சம். கை வேகம், கால் வேகம் எல்லாம் அப்போதான். அது போனா போனதுதான், எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்காது.

*

அந்த 43 மாசத்தில் வயித்துப்பாட்டுக்கு காலேஜ் காலேஜா போய்ப் பேசினார். பிராட்வேயில் ஒரு இசை நாடகத்தில் நடித்தார், அது ஒரு வாரத்தில் படுத்துக்கொண்டது.

நம்ம தொழில்காரங்களுக்கு ஒரு ஸ்பெஷல் மேட்டர். 1967ல முர்ரே வொரோனர் என்ற மயாமி ரேடியோ தயாரிப்பாளர், எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களையும் ஒரு என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டரில் ஏற்றி, கற்பனைப் போட்டித் தொடர் நடத்தினார். அதில் அலி, ஜிம் ஜெஃப்ரீஸ் என்ற பழைய வெள்ளைக்கார சாம்பியனிடம் தோற்றதா கம்ப்யூட்டர் சொல்லிருச்சு. இந்த ஜெஃப்ரீஸ் தன் காலத்தில், பட்டத்தைக் கையில் வைத்திருந்தவரைக்கும் கறுப்பர்களோட பட்டத்துக்காகச் சண்டை போடவே மறுத்தவர்! அலி கோபப்பட்டு 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சுமார் 10,000 டாலருக்குச் சமரசம். பதிலுக்கு இன்னொரு படத்தில் நடிக்கணும்.

1969ல தோல்வியே காணாத ராக்கி மார்சியானோவும் அலியும் ஒரு ஸ்டூடியோவில் பொய்ச் சண்டை போட்டுப் படம் பிடித்தாங்க. மார்சியானோவுக்கு விக். எந்த முடிவு வந்தாலும் ஒட்டிக்கலாம்னு பல விதமா எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1970 ஜனவரியில் தியேட்டர்களில் ஓடியது. அமெரிக்காவில் காட்டின பிரதியில் 13வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி. ஐரோப்பாவில் அலி ஜெயிக்கிற பிரதியும் ஓடியது. அவுட்புட் எப்படி வேணும்னு கிளையன்ட் முன்கூட்டியே சொல்லிட்டா புரோகிராம் எழுதறது எவ்வளவு சுலபம்! சட்டப்படி அடிக்கக்கூடாதுன்னு தடுக்கப்பட்ட சாம்பியன், காசுக்காக கேமரா முன்னால் தோற்கிற மாதிரி விழுந்து காட்ட வேண்டியிருந்தது. எனக்கு ஜெயில் தண்டனையை விட இது பெரிய தண்டனையா தெரியுது.

சொந்த இயக்கமும் கைவிட்டது. 1969ல, பணத்துக்காக மறுபடி பாக்ஸிங் செய்வேன்னு டிவியில் சொன்னதுக்காக எலைஜா முகமது அவரை ஒரு வருஷம் தள்ளி வைத்தார். முகமது அலி என்ற பெயரையும் எடுத்துக்கொள்வதா அறிவித்தார். எந்த நம்பிக்கைக்காக எல்லாத்தையும் இழந்தாரோ, அந்த வாசலும் மூடியாச்சு. அப்பவும் அலி நேரா ஹூஸ்டனுக்குப் போய் நான் சேர்ந்துக்கறேன்னு சொல்லவில்லை.

*

1970ல காற்று மாற ஆரம்பித்தது. ஜார்ஜியா மாநிலத்தில் பாக்ஸிங் கமிஷனே கிடையாது. அந்த ஓட்டையில் நுழைந்து, கறுப்பின செனட்டர் லெராய் ஜான்சன் முயற்சியில் அட்லாண்டா நகரம் அனுமதி கொடுத்தது. கவர்னர் லெஸ்டர் மேடாக்ஸ் எதிர்த்தும் நிறுத்த முடியலை. அக்டோபர் 26, ஜெர்ரி குவாரி மூணே ரவுண்டில் காலி.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நியூயார்க்கில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். லைசென்ஸைப் பறித்தது தப்புன்னு அலியோட வக்கீல்கள் வழக்குப் போட்டாங்க. குற்றவாளிக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு கமிஷன் சொன்னது. வக்கீல்கள் கமிஷனின் பழைய ஃபைல்களைத் தோண்டினாங்க. தண்டனை பெற்றவர்களுக்கு அதே கமிஷன் லைசென்ஸ் கொடுத்த சம்பவங்கள் குறைந்தது 244! கொலை, கற்பழிப்பு, கொள்ளை, தீவைப்பு எல்லாம் லிஸ்டில் உண்டு. ராணுவத்தை விட்டு ஓடிப்போனவர்களும் உண்டு. அலிக்கு மட்டும் கிடையாது. நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், இது பாரபட்சம்னு சொல்லி லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

அதனாலதான் 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ ஃபிரேசியரோட மோத முடிந்தது. ஆளுக்கு 25 லட்சம் டாலர். 15 ரவுண்டு. அலிக்கு வாழ்க்கையின் முதல் தோல்வி. அதுவும், தலைக்கு மேல 5 வருஷ ஜெயில் தொங்கிக்கொண்டிருக்கும்போது.

இனி சுப்ரீம் கோர்ட். ஒன்பது பேரில் தர்குட் மார்ஷல் ஏற்கெனவே அரசுத் தரப்பில் இருந்ததால் ஒதுங்கிக்கொண்டார். மீதி எட்டு. முதல் ஓட்டெடுப்பில் 5-3, அலி ஜெயிலுக்குப் போகணும். தீர்ப்பு எழுதும் பொறுப்பு ஜஸ்டிஸ் ஹார்லனுக்கு. அவரோட இளம் உதவியாளர்கள், இயக்கத்தோட புத்தகங்களைப் படிச்சுப் பாருங்க சார்னு வற்புறுத்தினாங்க. கண் பார்வை மங்கி, சாகும் நோயோட இருந்த அந்தப் பெரியவர் படித்தார், மனசு மாறினார். 4-4. ஆனா சமமா பிரிஞ்சா கீழ்க்கோர்ட் தண்டனை அப்படியே நிற்கும், ஏன்னு ஒரு வரிகூட எழுத மாட்டாங்க. அப்போதான் ஜஸ்டிஸ் ஸ்டூவர்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். மூணு நிபந்தனையிலும் அலி தேறலைன்னு ஆரம்பத்தில் சொன்ன அரசாங்கம், இப்போ ரெண்டில் தேறினார்னு ஒத்துக்கிட்டது. அப்பீல் போர்டோ காரணமே சொல்லாமல் நிராகரித்தது. தப்பான காரணத்தை வைத்து நிராகரித்ததா, சரியான காரணத்தை வைத்தான்னே தெரியாது. அதனால தண்டனை செல்லாது. 1971 ஜூன் 28, எட்டுக்கு எட்டு.

விடுதலைதான். ஆனா நீ செஞ்சது சரின்னு கோர்ட் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னா அந்த இயக்கத்தில் இருக்கிற எல்லாக் கறுப்பின இளைஞனும் வந்து நிற்பானேங்கிற பயம் சில நீதிபதிகளுக்கு இருந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் கதவைத் திறந்து, உடனே சாத்திட்டாங்க. நம்ம பாஷையில் சொன்னா, டிசைன் தப்புன்னு ஒத்துக்காம ஒரு பேட்ச் போட்டு டிக்கெட்டை மூடிட்டாங்க.

இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவீங்களான்னு நிருபர்கள் கேட்டபோது, அவங்களுக்குச் சரின்னு பட்டதை அவங்க செஞ்சாங்க, எனக்குச் சரின்னு பட்டதை நான் செஞ்சேன்னு முடித்துக்கொண்டார் அலி.

*

அலியைத் தெய்வமாக்க வேண்டாம். தனக்கு வழிகாட்டியா இருந்த மால்கம் எக்ஸை, இயக்கம் ஒதுக்கினதும் இவரும் ஒதுக்கினார். தன்னைப் போலவே ஏழைக் கறுப்பரான ஃபிரேசியரை வெள்ளையர்களின் அடிமைன்னும், கொரில்லான்னும் கேலி செய்தார். ஃபிரேசியர் அதைச் சாகும் வரை மறக்கவில்லை. இன்னொண்ணு, அலிக்கு நல்ல வக்கீல்கள் இருந்தாங்க, பெயர் இருந்தது. வியட்நாம் காலத்தில் டிராஃப்ட் சட்டத்தை மீறியதா குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் பேர். அவர்களில் ஜெயிலுக்குப் போனது சுமார் 3,250 பேர். அவங்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

ஆனா இந்தக் குறையெல்லாம் சேர்த்துப் பார்த்தாதான் ஹூஸ்டன் இன்னும் பெருசா தெரியுது. சாதுவான மகான் ஒருத்தர் மறுத்தா ஆச்சரியமில்லை. பணம், புகழ், தற்பெருமை எல்லாம் பிடித்த, வாய்க்கொழுப்பு பிடித்த 25 வயசுப் பையன், சுலபமான வழி கண்ணெதிரே இருந்தும் எடுக்கலை.

நாடு பிறகு அவரைக் கொண்டாடியது. 1996ல அதே அட்லாண்டாவில், பார்கின்சன் நோயில் கை நடுங்க ஒலிம்பிக் தீபம் ஏற்றினார், உலகமே அழுதது. 2005ல ஈராக் போர் நடக்கும்போதே ஜார்ஜ் புஷ் கையால் நாட்டின் உயரிய விருது. 2016 ஜூன் 3 அன்று இறந்தார். 2018ல டிரம்ப், அலிக்கு மன்னிப்பு கொடுக்க யோசிக்கிறேன்னார். அலி தரப்பு வக்கீல், நன்றிங்க, ஆனா 1971லயே தண்டனை ரத்தாயிடுச்சே, மன்னிக்க என்ன இருக்குன்னு கேட்டார். எது நடந்ததுன்னே மறந்துட்டுத்தான் கொண்டாடறாங்க போல. பேச முடியாத, நோய் வந்த அலியைக் கொண்டாட யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. 1967ல அவர் பக்கத்தில் நிக்கிறதுக்குத்தான் விலை இருந்தது.

கொசுறு: அலியோட பட்டத்தைப் பிடுங்கின பிறகு, காலி இடத்துக்கு ஒரு சங்கம் நடத்தின போட்டியில் 1968ல ஜெயித்தவர் ஜிம்மி எல்லிஸ். அலியோட அதே லூயிவில் ஊர்க்காரர், சின்ன வயசு நண்பர். தீர்ப்பு வந்த ஒரே மாசத்தில், 1971 ஜூலை 26 அன்று அலி அவரோட மோதி 12வது ரவுண்டில் ஜெயித்தார். எந்த ஊரில்? அதே ஹூஸ்டனில். 1980ல அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினாரே, எதிரே நின்றவரும் இதே எல்லிஸ்தான். எம்.ஜி.ஆரோட அலி நிற்கிற போட்டோ நெட்டில் சுத்திக்கிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. அந்த ஆட்டத்தை நேர்ல பார்த்த அப்பாவோ மாமாவோ யார் வீட்டிலாவது இருந்தா, கேட்டு பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.